பிள்ளை ஏன் வீதியைக் கடக்க வேண்டும்?

"பள்ளிக்கூட பஸ் நின்றால் எல்லா வாகனங்களும் நிற்க வேண்டும் என்பது சட்டம், அதனால் உங்கள் மகளின் பஸ் தரிப்பிடம் பாதுகாப்பானதுதான்." மாணவர் போக்குவரத்தைக் கவனிக்கும் அலுவலகத்திலிருந்து எனக்கு வந்த பதிலின் சாரம் இவ்வளவுதான். மரியாதையான பதில். எழுதியவர் மீது எனக்குக் கோபமும் இல்லை. ஆனால் முதல் பாதியிலிருந்து இரண்டாம் பாதிக்கு எப்படி வந்தார்கள் என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. சட்டம் இருக்கிறது, சரி. சட்டம் இருப்பதாலேயே ஒரு வீதி பாதுகாப்பானதாகிவிடுமா? இந்தக் கேள்வி பல மாதங்களாக என்னை விடவில்லை. யாரோடு கதைத்தாலும் பேச்சு கடைசியில் அங்கேதான் போய் நிற்கிறது என்று மனைவி சொல்லத் தொடங்கிவிட்டாள். அதனால் எழுதிப் பார்க்கிறேன்.

ஸ்காபரோவில் இருந்தவரை மூத்தவன் நடந்தே பள்ளிக்கூடம் போனான். ரொறன்ரோவுக்கு வெளியே, வயல்களை அழித்துப் புது வீடுகள் கட்டிவரும் பகுதிக்கு வந்த பிறகுதான் எங்களுக்கு மஞ்சள் பஸ்ஸோடு பழக்கம். வீடுகள் புதுசு, ஆனால் எங்கள் குடியிருப்பின் வாசலில் ஓடும் வீதி இன்னும் பழைய கிராமத்து வீதிதான். போக ஒரு தடம், வர ஒரு தடம். நடைபாதை கிடையாது, விளக்குக் கம்பமும் கிடையாது. வேக எல்லை எண்பது கிலோமீற்றர். மகளின் பஸ் எங்களுக்கு எதிர்ப்பக்கத் தடத்தில் வந்து நிற்கும். பிள்ளைகள் எங்கள் பக்கத்தில் காத்திருந்து, பஸ்ஸின் சிவப்பு விளக்குகள் மினுங்கத் தொடங்கியதும் வீதியைக் குறுக்கே கடந்து ஏற வேண்டும். டிசெம்பரில் அந்த நேரம் இன்னும் விடிந்திருக்காது. மகளுக்கு ஆறு வயது. காலையில் நாங்கள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகலாம், போனோம். பக்கத்து வீட்டில் இரண்டு பேரும் விடிய ஐந்து மணிக்கே வேலைக்குப் போகிறவர்கள். அவர்களுடைய பத்து வயதுப் பையன்தான் தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு கடப்பான்.

தரிப்பிடத்தை மாற்றித் தரச் சொல்லி எழுதியபோதுதான் அந்தப் பதில் வந்தது.

சட்டத்தில் என்ன இருக்கிறது

ஒன்ராறியோவில் வாகனம் ஓட்டும் எல்லோரும் இதைப் படித்துத்தான் வந்திருக்கிறோம். எழுத்துப் பரீட்சையைத் தமிழிலும் எழுதலாம் என்பதால் மொழி தெரியவில்லை என்ற பேச்சுக்கும் இடமில்லை. பள்ளிக்கூட பஸ்ஸின் சிவப்பு விளக்குகள் மினுங்கி, பக்கத்திலுள்ள நிறுத்தப் பலகை விரிந்தால் இரண்டு திசையிலிருந்து வரும் வாகனங்களும் நிற்க வேண்டும். பின்னால் வருபவர் குறைந்தது 20 மீற்றர் தள்ளி நிற்க வேண்டும். நடுவில் தடுப்பு மேடை உள்ள பெருவீதியில் மட்டும் எதிர்த்திசையில் வருபவருக்கு விலக்கு. முதல் தடவை மீறினால் 400 முதல் 2,000 டொலர் வரை தண்டம், ஓட்டுநரின் பதிவில் தவறுக்காக ஏறும் ஆறு டிமெரிட் புள்ளிகள். மறுபடி பிடிபட்டால் 1,000 முதல் 4,000 டொலர், அதோடு ஆறு மாதம் வரை சிறையும் கிடைக்கலாம். ஓட்டியது யார் என்று தெரியாவிட்டாலும் வாகனத்தின் சொந்தக்காரர் மீது வழக்குப் போடலாம். 2022 யூலையிலிருந்து மஞ்சள் விளக்கும் சேர்ந்துகொண்டது: முதலில் மஞ்சள் மினுங்கும், பஸ் நின்ற பிறகு சிவப்பு. நிற்பதற்கு ஆயத்தமாக ஓட்டுநர்களுக்குச் சில விநாடிகள் கொடுப்பதுதான் நோக்கம். நல்ல மாற்றம்தான். எங்கள் வீதியில் நான் பார்த்த அளவில், அந்த மஞ்சளைக் கண்டு வேகத்தைக் குறைப்பவர்கள் இருக்கிறார்கள். சிவப்பு வருவதற்குள் தாண்டிவிடலாம் என்று அழுத்துபவர்களும் இருக்கிறார்கள்.

மற்ற மாகாணங்களிலும் சட்டம் கடுமைதான். கியூபெக்கில் தண்டப்பணம் குறைவு, ஆனால் ஒரே தடவையில் ஒன்பது டிமெரிட் புள்ளிகள். அமெரிக்காவின் ஐம்பது மாநிலங்களிலும் இதே சட்டம் உண்டு. நியூயோர்க்கில் நடுவில் தடுப்பு இருந்தாலும் எதிர்ப்பக்கத்தில் வருபவர் நிற்க வேண்டும். ரெக்சாஸில் தண்டம் 500 டொலரில் தொடங்குகிறது.

எங்கள் ஊரை நினைத்துப் பார்க்கிறேன். யாழ்ப்பாணத்தில் பஸ் நின்றால் அதை முந்திக்கொண்டு போவதுதான் ஓட்டுநரின் கெட்டித்தனம். பஸ்ஸிலிருந்து இறங்கியவர் பின்பக்கமாகப் போய்க் கடக்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள், முன்பக்கமாகப் போகவே கூடாது. அப்படி வளர்ந்த ஒருவனுக்கு, ஒரு பிள்ளைக்காக இரண்டு பக்கத்து வாகனங்களும் நின்று காத்திருப்பதை இங்கே முதன்முதல் பார்த்தபோது மனம் நெகிழ்ந்துபோனது. இன்றைக்கும் அந்தக் காட்சி எனக்குப் பிடிக்கும். இந்தச் சட்டத்தின் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. அதன் தலையில் ஒரு பிள்ளையின் உயிரைச் சுமத்துவதில்தான் எனக்குச் சம்மதமில்லை.

இதை ஒரு பிறந்தநாள் விழாவில் சொன்னபோது அத்தான் ஒத்துக்கொள்ளவில்லை. "தண்டத்தை ஐயாயிரம் டொலர் ஆக்கிப் பாருங்கோ, ஒருத்தனும் தாண்ட மாட்டான்" என்றார். பிரின்ஸ் எட்வர்ட் தீவில் ஏறத்தாழ அப்படித்தான் செய்திருக்கிறார்கள்: 5,000 டொலர் வரை தண்டம், ஓட்டுநர் உரிமமும் மூன்று மாதம் போய்விடும். அத்தானின் கோபம் எனக்கு விளங்குகிறது. பிள்ளைகள் கடக்கும் இடத்தில் நிற்காமல் போகிறவனைக் கண்டால் எனக்கும் கை துடிக்கும். ஆனால் நிற்காமல் போகிறவர்கள் எத்தனை பேர் என்று தெரிந்தபோது அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. அமெரிக்காவில் மாநில மாணவர் போக்குவரத்து இயக்குநர்களின் தேசியச் சங்கம் ஆண்டுதோறும் ஒரு கணக்கெடுப்பு நடத்துகிறது. பஸ் ஓட்டுநர்களே ஒரு நாளில் தங்களைத் தாண்டிப் போன வாகனங்களை எண்ணிக் கொடுப்பார்கள். 2019இல் 39 மாநிலங்களில் 1,30,963 ஓட்டுநர்கள் எண்ணினார்கள். அந்த ஒரே நாளில் 95,319 வாகனங்கள் சட்டத்தை மீறித் தாண்டின. 180 நாள் பள்ளி ஆண்டுக்குப் பெருக்கினால் ஒரு கோடியே எழுபது இலட்சத்துக்கு மேல் வருகிறது. இத்தனையையும் விரல்விட்டு எண்ணக்கூடிய சில போக்கிரிகள் செய்திருக்க முடியாது. சாதாரண மனிதர்கள், வேலைக்குப் போகிறவர்கள், தாங்களும் பிள்ளை பெற்றவர்கள்தான் செய்திருக்கிறார்கள்.

இன்டியானாவில் ஒரு காலை

என் எண்ணத்தைத் திருப்பியது ஒரு விபத்து அறிக்கை. அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை 2020இல் வெளியிட்டது. விமான விபத்துகளை ஆராயும் அதே சபைதான். அவர்கள் ஆராய்ந்தது 2018 ஒக்ரோபர் 30 அன்று இன்டியானா மாநிலத்தில் ரொச்செஸ்டர் என்ற சின்ன ஊருக்கு வெளியே நடந்த விபத்து.

மாநில நெடுஞ்சாலை 25. போக ஒரு தடம், வர ஒரு தடம். வேக எல்லை மணிக்கு 55 மைல், எங்கள் வீதியைவிடக் கொஞ்சம்தான் கூட. காலை ஏழு மணி கடந்த நேரம், இன்னும் இருட்டு. வீதியோரம் ஒரு நகரும் வீடுகள் குடியிருப்பு. பஸ் வீதியின் எதிர்ப்பக்கத் தடத்தில் வந்து நின்றது. சிவப்பு விளக்குகள் எரிந்தன, நிறுத்தப் பலகை விரிந்திருந்தது. பிள்ளைகள் கடக்கத் தொடங்கினார்கள். எதிர்த்திசையில் வந்த பிக்கப் வாகனம் நிற்கவில்லை. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், ஒன்பது வயது அக்காவும் ஆறு வயது இரட்டைத் தம்பிமாரும், அந்த இடத்திலேயே இறந்தார்கள். இன்னொரு வீட்டுப் பதினொரு வயதுப் பையன் கடுமையான காயங்களோடு பிழைத்தான்.

இதைப் படித்த அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. மூன்று பிள்ளைகளை ஒரே காலையில் இழந்த தாயை நினைக்காமல் யாராலும் அந்தப் பக்கத்தைத் தாண்ட முடியாது. ஆனால் துக்கத்தைத் தாண்டி என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த ஓட்டுநர் யார் என்பது. இருபத்துநான்கு வயதுப் பெண். குடித்திருக்கவில்லை. கைத்தொலைபேசியில் இருக்கவில்லை. அவரது வாகனத்தின் பின் இருக்கையிலும் பிள்ளைகள் இருந்தார்கள், தன் தம்பியைத் தாய் வீட்டில் விடப் போய்க்கொண்டிருந்தார். விளக்குகளைக் கண்டதாகவும், அது பள்ளிக்கூட பஸ் என்று தனக்குப் பிடிபடவில்லை என்றும் சொன்னார். ஏதோ பெரிய சுமை ஏற்றிய வண்டி என்று நினைத்தாராம். விளக்குகளும் பலகையும் அவருக்குத் தெளிவாகத் தெரியக்கூடிய நிலையில்தான் இருந்தன என்று சபை சொல்கிறது. அவர் ஏன் நிற்கவில்லை என்பதற்கு அவர்களால் காரணம் கண்டுபிடிக்க முடியவில்லை, அதையும் அப்படியே எழுதி வைத்திருக்கிறார்கள். 2019 ஒக்ரோபரில் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்த்தது. டிசெம்பரில் நான்கு ஆண்டுச் சிறையும் அதன்பின் மூன்று ஆண்டு வீட்டுக் காவலும் விதித்தது.

இனி அத்தானின் வாதத்தை இங்கே வைத்துப் பார்க்கிறேன். தண்டம் ஐயாயிரம் டொலராக இருந்திருந்தால் அந்தப் பெண் நின்றிருப்பாரா? பஸ்ஸில் கமரா இருந்திருந்தால்? நிற்கக் கூடாது என்று முடிவெடுத்து ஓட்டிய ஒருவரைத் தண்டம் பயமுறுத்தும். தான் பார்ப்பது இன்னதென்று விளங்காமல் ஓட்டிய ஒருவரை எந்தத் தண்டமும் பயமுறுத்தாது. இருட்டில், வேகத்தில், தூக்கம் கலையாத ஒரு காலையில், ஒளிப் புள்ளிகளைப் பார்த்து மூளை தவறான முடிவுக்கு வரலாம். அப்படி ஒருவருக்கு நடந்தால் இன்னொருவருக்கும் நடக்கும். அந்தக் கணத்தில் நடுவீதியில் ஒரு பிள்ளை நிற்கிறதா இல்லையா என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

அறிக்கையில் அடுத்த வசனம் அதைத்தான் சொல்கிறது. ஓட்டுநர் நிற்காதது முதன்மைக் காரணம். பள்ளி மாவட்டம் தன் பஸ் வழித்தடங்களின் ஆபத்தைச் சரியாக மதிப்பிடாமல், அதிவேக வீதியைப் பிள்ளைகள் கடந்து ஏறும்படி ஒரு தரிப்பிடத்தை வைத்திருந்தது அதற்குத் துணை நின்ற காரணம். விபத்துக்குப் பிறகு அந்தத் தரிப்பிடத்தை என்ன செய்தார்கள் தெரியுமா? குடியிருப்புக்கு உள்ளேயே மாற்றினார்கள். பஸ் உள்ளே போய்ப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வெளியே வரத் தொடங்கியது. அதற்குப் புதிய சட்டமோ புதிய இயந்திரமோ தேவைப்படவில்லை. முதல் நாளும் அதைச் செய்திருக்க முடியும். இந்த ஒரு வரியைப் படித்தபோது எனக்கு வந்த பதிலின் இரண்டாம் பாதி முழுதாக உடைந்து விழுந்தது.

பஸ்ஸுக்கு உள்ளே ஒரு நியாயம், வெளியே ஒரு நியாயம்

பிறகு கொஞ்சம் பின்னோக்கிப் படித்தேன். 1939 ஏப்ரலில் நியூயோர்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியில் பேராசிரியர் பிராங்க் சையர் ஒரு மாநாடு கூட்டினார். அதுவரை ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு நிறத்தில் பஸ். சில இடங்களில் குதிரை வண்டியில்கூடப் பிள்ளைகள் போனார்கள். ஏழு நாள் இருந்து 44 தர விதிகளை வகுத்தார்கள். எலுமிச்சை மஞ்சளில் தொடங்கிச் செம்மஞ்சள் வரை நிறப் பட்டைகளைச் சுவரில் தொங்கவிட்டு, அரைகுறை வெளிச்சத்திலும் கறுப்பு எழுத்துத் தெளிவாகத் தெரியும் நிறத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். நாங்கள் காணும் மஞ்சள் அங்கிருந்து வந்தது.

1977இல் அமெரிக்காவில் இன்னொரு விதி நடைமுறைக்கு வந்தது. பெரிய பள்ளிக்கூட பஸ்ஸில் ஏறிப் பார்த்தால் ஆசனங்கள் நெருக்கமாக, முதுகுப் பகுதி உயரமாக, முன்னும் பின்னும் மெத்தை வைத்து இருப்பதைக் காணலாம். இடம் மிச்சம் பிடிக்க அப்படிச் செய்யவில்லை. மோதல் நடந்தால் பிள்ளை முன் ஆசனத்தின் மெத்தையில் போய் மோதி, அந்தச் சிறிய பெட்டிக்குள்ளேயே அடங்கிவிட வேண்டும் என்பதற்காக வைத்தது. பிள்ளை பட்டி போடாமல் இருக்கலாம், திரும்பி உட்கார்ந்து பின்னால் இருப்பவனோடு சண்டை பிடிக்கலாம், ஓட்டுநர் பிழை விடலாம், வேறொருவன் வந்து மோதலாம். இவை எல்லாம் நடக்கும் என்று முன்கூட்டியே எடுத்துக்கொண்டு அந்த ஆசனத்தை வடிவமைத்தார்கள். அதன் பலன்தான் வீதியில் ஓடும் வாகனங்களிலேயே பள்ளிக்கூட பஸ் மிகப் பாதுகாப்பானது என்ற பெயர்.

அதே பிள்ளை பஸ்ஸின் படியிலிருந்து கீழே காலை வைத்ததும் நியாயம் மாறிவிடுகிறது. உள்ளே யாரும் பிழை விடலாம் என்று கணக்குப் போட்டவர்கள், வெளியே எல்லோரும் சட்டத்துக்குக் கீழ்ப்படிவார்கள் என்று கணக்குப் போடுகிறார்கள். கனடாவிலும் பள்ளிக்கூட பஸ்ஸோடு தொடர்புடைய பிள்ளைகளின் மரணங்களில் பெரும்பாலானவை பஸ்ஸுக்கு வெளியே, ஏறி இறங்கும் இடத்தைச் சுற்றித்தான் நடந்திருக்கின்றன. எனக்கு இதுதான் பொறுக்கவில்லை. ஆசனத்துக்குப் போட்ட மூளையில் பாதியைத் தரிப்பிடத்துக்கும் போட்டிருக்கலாமே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தாண்டிப் போகும் வாகனம் மட்டும் ஆபத்து அல்ல. பிள்ளை ஏறி இறங்கும் அதே பஸ்ஸின் சில்லில் அகப்பட்டு இறந்த பிள்ளைகளும் உண்டு. அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலக் கல்வித் திணைக்களம் 1970 முதல் நாடு முழுவதும் ஏறி இறங்கும்போது நடக்கும் மரணங்களின் கணக்கைச் சேர்த்து வருகிறது. அதில் மிகச் சின்னப் பிள்ளைகள்தான் அதிகம். விழுந்த கையுறையை எடுக்கக் குனிந்த பிள்ளை ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியாது. பஸ்ஸின் முன்னால் ஒரு மஞ்சள் கம்பி விரிகிறதே, அது பிள்ளையை ஓட்டுநரின் பார்வைக்குள் தள்ளி நடக்க வைப்பதற்கு. கடக்கவே தேவையில்லாத பிள்ளைக்கு இந்த ஆபத்தும் பெருமளவு குறைகிறது. வீட்டுப் பக்கத்தில் இறங்கி, பஸ்ஸை விட்டு விலகி நேரே நடந்து போய்விடும்.

பஸ் ஓட்டும் அக்கா சொன்னது

எங்கள் கோயிலில் பழக்கமான ஒரு அக்கா பல வருடமாகப் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். எங்கள் வழித்தடம் அல்ல, வேறு நகரம். இந்தக் கதையைச் சொன்னதும் அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்.

"தம்பி, சிவப்பு லைற் போட்ட உடன நான் பிள்ளையளைக் கடக்க விடமாட்டன். முதல் கண்ணாடியைப் பாப்பன், பிறகு முன்னால பாப்பன், வாற வாகனத்தின்ர சில்லு நிண்டிட்டுதோ எண்டு பாப்பன். வேகம் குறையுறது காணாது, நிக்கோணும். நிண்ட பிறகுதான் கையைக் காட்டுவன். என்ர கையைப் பாக்காமல் ஒருத்தரும் காலை வைக்கக் கூடாதெண்டு செப்ரெம்பர் முழுக்கச் சொல்லிச் சொல்லிப் பழக்கிறனான். அப்பிடி இருந்தும், நிண்ட காருக்குப் பின்னால இருந்து ஒருத்தன் விலத்திக்கொண்டு வந்தால் நான் என்ன செய்யிறது? ஹோன் அடிக்கலாம். அவ்வளவுதான் என்ர கையில இருக்கு."

கண்ணாடிகளைப் பார்க்க வேண்டும், பின்னால் கத்தும் ஐம்பது பிள்ளைகளைப் பார்க்க வேண்டும், நேரத்தைப் பார்க்க வேண்டும், பனியில் வழுக்கும் வீதியைப் பார்க்க வேண்டும். அதற்கிடையில் தாண்டிப் போனவனின் இலக்கத் தகட்டையும் குறித்துப் பொலிசுக்குக் கொடுக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். கமராவை நான் ஆதரிப்பது முதலில் இந்த அக்காவுக்காகத்தான், அந்தச் சுமையையாவது அவர் தலையிலிருந்து இறக்கிவிடும். ஒன்ராறியோவில் 2020இலிருந்து நகராட்சிகள் பஸ்ஸின் நிறுத்தப் பலகையில் கமரா பூட்டலாம். வேண்டுமென்று தாண்டுபவனை அது கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கும் என்று நம்புகிறேன். ஆனால் கமராவின் கடிதம் நடந்து முடிந்த ஒன்றுக்காகத்தான் வீட்டுக்கு வருகிறது.

அக்கா கடைசியில் ஒரு யோசனை சொன்னார். "தரிப்பிடத்தை மாத்தித் தாங்கோ எண்டு மட்டும் எழுதினால் மாட்டினம். பஸ் உள்ளுக்கு வந்து பின்னுக்கு எடுக்காமல் திரும்பிப் போக இடம் இருக்கோ எண்டு பாருங்கோ. இருந்தால் அதைக் காட்டுங்கோ." பஸ் பின்னோக்கி எடுப்பதைப் போக்குவரத்துக்காரர்கள் விரும்புவதில்லை, பின்னால் பிள்ளை நின்றால் தெரியாது. அதனால் முட்டுச்சந்துக்குள் பஸ் வரச் சொல்லிக் கேட்டால் மறுக்கத்தான் செய்வார்கள். எங்கள் குடியிருப்பின் உள்வீதி ஒரு வளையமாகச் சுற்றி மறுபடி வாசலுக்கே வருகிறது. அதை வரைபடத்தில் கோடு போட்டு, அறிக்கையின் அந்த ஒரு வசனத்தையும் சேர்த்து, பக்கத்து வீட்டுக்காரரும் இன்னும் சில பெற்றாரும் கையொப்பம் வைத்து அனுப்பினோம். நத்தார் விடுமுறைக்குப் பிறகு பஸ் உள்ளே வரத் தொடங்கியது. முன்பு எனக்குப் பதில் எழுதிய அதே பெண்தான் தொலைபேசியில் கூப்பிட்டு, எந்தப் பக்கம் நின்றால் பிள்ளைகளுக்கு வசதி என்று பொறுமையாகக் கேட்டார்.

எல்லா இடத்திலும் முடியுமா?

முடியாது. இதை ஒளித்துப் பேசுவதில் பயனில்லை. ஒவ்வொரு குடியிருப்புக்குள்ளும் பஸ் போய்த் திரும்பினால் பயணம் நீளும். ஏற்கெனவே ஓட்டுநர் பற்றாக்குறையால் பல இடங்களில் பஸ் பிந்துகிறது, சில நாள் வருவதே இல்லை. கடைசிப் பிள்ளை வீடு சேர இன்னும் நேரமாகும். பண்ணை வீடுகள் வீதியின் இரு பக்கமும் சிதறிக் கிடக்கும் இடங்களில் பஸ் ஒரு தடவை இந்தப் பக்கமும் இன்னொரு தடவை அந்தப் பக்கமும் ஓடினால்தான் யாரும் கடக்காமல் ஏறலாம். அதற்கு இரட்டிப்பு எண்ணெய், இரட்டிப்பு நேரம். இவையெல்லாம் உண்மையான சிரமங்கள்.

ஆனால் ஐம்பது கிலோமீற்றர் வேகத்தில் நடைபாதையும் விளக்கும் உள்ள உள்வீதியும், எண்பதில் ஓடும் இருட்டு வீதியும் ஒன்றல்ல. முதலாவதைப் பொறுத்துக்கொள்ளலாம், இரண்டாவதைத்தான் முதலில் தேடித் திருத்த வேண்டும். இன்டியானா அப்படித்தான் செய்தது. 2019இல் அந்த மாநிலம் கொண்டுவந்த சட்டத்தைப் பற்றி வெளிவந்த செய்திகளில் தண்டனை கூடியதைத்தான் பெரிய எழுத்தில் போட்டார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது மற்றப் பகுதி. பள்ளி நிர்வாகங்கள் ஆண்டுதோறும் செப்ரெம்பர் 1க்குள் தங்கள் பஸ் வழித்தடங்களை மறுபரிசீலனை செய்ய வேண்டும். மாநில நெடுஞ்சாலைகளில், வேறு பாதுகாப்பான வழி இல்லாவிட்டால் ஒழிய, பிள்ளை வீதியைக் கடந்து ஏறும்படியோ இறங்கும்படியோ தரிப்பிடம் வைக்கக் கூடாது. 'வேறு வழி இல்லாவிட்டால் ஒழிய' என்று சிரமங்களுக்கும் இடம் விட்டிருக்கிறார்கள். ஆனால் வழி இல்லை என்று காட்ட வேண்டிய பொறுப்பு இப்போது வழித்தடம் போடுபவருடையது. எங்கள் மாகாணத்தில் அதைப் பெற்றார்தான் சுமக்கிறோம், அதுவும் கேட்கத் தெரிந்த பெற்றார். ஆங்கிலத்தில் கடிதம் எழுதத் தயங்கும் வீடுகளும், இரண்டு வேலை செய்யும் வீடுகளும் கேட்பதே இல்லை, அவர்களுடைய பிள்ளைகள் கடந்துகொண்டே இருக்கிறார்கள். வேக எல்லை எண்பதும் அதற்கு மேலும் உள்ள வீதிகளுக்காவது இப்படி ஒரு பிரிவு ஒன்ராறியோவின் சட்டத்தில் வர வேண்டும் என்று எங்கள் மாகாண உறுப்பினருக்கு எழுதியிருக்கிறேன்.

அது வரும்வரை, இதைப் படிப்பவர்களில் யாருடைய பிள்ளையாவது வேகமான வீதியைக் கடந்து ஏறினால், ஓகஸ்டில் வரும் மின்னஞ்சலுக்காகக் காத்திருக்க வேண்டாம். வழித்தடங்களைக் கோடையில்தான் போடுகிறார்கள், யூனிலேயே எழுதிவிடுங்கள். வேக எல்லை, அந்த நேரத்தில் வெளிச்சம் இருக்கிறதா, வளைவு அல்லது மேடு பஸ்ஸை மறைக்கிறதா, பஸ் பின்னோக்கி எடுக்காமல் திரும்ப எங்கே இடம் உண்டு, இந்த விபரங்களைப் படத்தோடு சேர்த்து அனுப்புங்கள். பக்கத்து வீடுகளின் கையொப்பத்தையும் வாங்குங்கள். ஆங்கிலத்தில் எழுதக் கை வராவிட்டால் கீழே சொல்லுங்கள், நாங்கள் அனுப்பிய கடிதத்தைத் தருகிறேன், ஊர்ப் பெயரை மாற்றினால் போதும்.